அம்மாவுக்கு உண்ணிக்காய்ச்சல்னு சொல்லிட்டாங்க, வீட்ல நாய் இருக்கு, என்ன பண்றது?

பாலாற்றங்கரை எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். ஊர்ல (குடியாத்தம் பக்கம்) அம்மாவுக்கு ஒரு வாரத்துக்கு மேல காய்ச்சல், தலைவலின்னா அப்படி ஒரு தலைவலி, கண்ணத் தொறக்க முடியலன்னு அழுவாங்க. பக்கத்துல ஒரு கிளினிக்ல டெங்கு டெஸ்ட் எடுத்தாங்க நெகட்டிவ், வைடல் எடுத்தாங்க லேசா பாசிட்டிவ், சரி டைபாய்டுன்னு சொல்லி தினம் காலைல சாயங்காலம் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டாங்க. காய்ச்சல் விடவே இல்ல, பிளேட்லெட் வேற 90 ஆயிரத்துக்கு எறங்கிடுச்சு, நடுவுல சொந்தக்காரங்க பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புன்னு ஒருபக்கம். மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் வேலூருக்கு கூட்டிட்டு போனோம். அங்க ட்யூட்டில இருந்த சின்ன வயசு டாக்டரம்மா ரிப்போர்ட்டெல்லாம் அப்புறம்னு சொல்லி திரைய இழுத்து விட்டுட்டு உடம்பு முழுக்க பாத்திருக்காங்க, பாவாடை நாடா கட்டுற இடத்துல கருப்பா ஒரு பொருக்கு. அம்மா அத நாடா உரசின புண்ணுன்னு நெனச்சு தேங்காண்ணெய் தடவிட்டு இருந்திருக்காங்க. ஸ்க்ரப் டைஃபஸ், உண்ணிக்காய்ச்சல்னு சொல்லி அன்னைக்கே டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சாங்க, ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கிடுச்சு, இப்ப வீட்டுக்கு வந்துட்டாங்க, மாத்திரை ஓடுது.

இப்ப பிரச்சன என்னன்னா தெருவே சேர்ந்து நாய தொரத்துங்கறாங்க. தங்கச்சி கொழந்த பாட்டி பக்கத்துலதான் படுக்கும், அதுக்கு ஒட்டுமான்னு வேற பயம். அப்புறம் அந்த மாத்திரை ஒரு அட்டையோட கம்மி விலைய பாத்தா இவ்ளோ பெரிய காய்ச்சலுக்கு இது போதுமான்னு சந்தேகமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லேப்_கோட்டு எழுதியது:
ப்ரோ மொதல்ல நாய விடுங்க, அது ஒண்ணும் பண்ணல. நாய் காதுல ஒட்டிட்டு இருக்கே குண்டா சாம்பல் கலர்ல ஒரு உண்ணி, அது வேற ஜென்மம். அதுவும் ஒருவகை காய்ச்சல கொண்டு வரும், ஆனா உங்கம்மாவுக்கு வந்தது அது இல்ல. ஸ்க்ரப் டைஃபஸ் கெளப்புற கிருமி பேரு ஓரியன்ஷியா சுசுகாமுஷி, அத சுமக்கறது புல்லு பொதர்ல இருக்கற ரொம்ப ரொம்ப சின்ன உண்ணியோட குஞ்சு, ஆறு காலு, ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அது வாழ்நாள்ல ஒரே ஒரு தடவதான் உயிருள்ள பிராணி மேல ஒட்டும், வழக்கமா எலி, சமயத்துல வரப்புல உக்காந்துட்டு இருக்கற நாம. கடிச்சது தெரியாது, வலிக்காது, அந்த எடத்துலதான் அப்புறம் கருப்பு பொருக்கு வரும். கிருமி தாய் உண்ணிகிட்ட இருந்து முட்டை வழியா குஞ்சுக்கு போயிட்டே இருக்கும், அதனால எலிய மட்டும் கொன்னா தீந்துச்சுன்னும் இல்ல.

கொழந்தைக்கு பாட்டிகிட்ட இருந்து ஒட்டாது. இருமல் தும்மல் தொடுறது எதுலயும் பரவாது. ஆனா அதே தோட்டத்துல வெளையாடிச்சுன்னா அதையும் கடிக்கலாம், அது வேற விஷயம். கடிச்சு ஒரு பத்து நாள் வாக்குல காய்ச்சல் ஆரம்பிக்கும், ஆறு நாள்லயும் வரலாம் மூணு வாரமும் ஆகலாம்.

ஊசி ஏன் கேக்கலன்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். இந்தக் கிருமி நம்ம செல்லுக்கு உள்ள போய் உக்காந்துக்கும். செஃப்ட்ரியாக்சோன் வகையறா பாக்டீரியாவோட செல் சுவர் கட்டறத தடுக்கற மருந்து, செல்லுக்குள்ள ஒளிஞ்சிட்டு இருக்கறதுகிட்ட அது செல்லாது. டாக்ஸி உள்ள நொழஞ்சு அது புரதம் தயாரிக்கறதையே நிறுத்திடும். விலை கம்மிங்கறதுக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்ல சார், சாதாரண கேஸுக்கு 100 மில்லிகிராம் ரெண்டு வேள, பெரும்பாலும் ஏழு நாள், டாக்டர் எத்தன நாள் எழுதிருக்காரோ அத முடிங்க. காய்ச்சல் விட்டுடுச்சேன்னு நடுவுல நிறுத்த வேணாம்.

தோட்டத்து_அக்கா எழுதியது:
தம்பி மாத்திரைய ஒரு டம்ளர் தண்ணியோட உக்காந்து போடச் சொல்லு, போட்ட உடனே படுக்க விடாத. நான் ஒரு தடவ ராத்திரி ஒரு மொடக்கு தண்ணில முழுங்கிட்டு படுத்துட்டேன், நெஞ்சுக்குழில புண்ணு வந்து எச்சில் முழுங்க முடியாம கெடந்தேன். பாலோட சேத்து குடுக்காத. அந்த நாளுங்கள்ல வெயில்லயும் நிக்க வேணாம், தோல் கருகின மாதிரி ஆயிடும்.

எங்க வீட்டுக்காரருக்கும் இதே காய்ச்சல்தான், அவருக்கு பொருக்கு அக்குள்ள. வலிச்சிருந்தா அவரே சொல்லிருப்பாரு, அது வலிக்கவும் இல்ல அரிக்கவும் இல்ல, சிகரெட்டால சுட்ட மாதிரி இருந்துச்சு. நம்ம பொம்பளைங்களுக்கு இடுப்புல, மார்புக்கு கீழன்னு வந்தா யார்கிட்டயும் காட்ட மாட்டோம், டாக்டரும் ஸ்டெத் வெச்சுட்டு அனுப்பிடுவாரு. உங்கம்மாவ பாத்த அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும். மழ முடிஞ்சு பனி எறங்கற மாசத்துல காய்ச்சல் அஞ்சு நாள் தாண்டிச்சுன்னா நான் மொதல்ல துணிய எடுத்துட்டு பாக்கச் சொல்லிடறேன்.

நேரா_பேசுவேன் எழுதியது:
எல்லாம் சரி, ஆனா காய்ச்சல்னு வந்தவனுக்கெல்லாம் டாக்ஸி குடுத்துட்டா நாளைக்கு மருந்தே வேல செய்யாம போயிடாதா? ஒரு டெஸ்ட் எடுத்து கன்ஃபர்ம் பண்ணிட்டு குடுக்கலாமே.

லேப்_கோட்டு எழுதியது:
கேள்வி நியாயம்தான். ஆனா நான் லேப்ல இருக்கறவன், டெஸ்ட்டோட லட்சணம் எனக்கு தெரியும். பழைய வைல் ஃபெலிக்ஸ் இன்னும் பல எடத்துல ஓடுது, அது நிறைய கேஸ தவற விடும். ஐஜிஎம் எலைசா பரவால்ல, ஆனா எதிர்ப்பணு உருவாகவே ஒரு வாரம் கிட்ட ஆகும், மூணாம் நாள் ரத்தம் எடுத்தா நெகட்டிவ்னு வரும், நோய் இருக்கும். கிருமியோட மரபணுவயே தேடற பிசிஆர் சீக்கிரம் சொல்லும், அது எல்லா ஊர்லயும் கெடைக்காது. அதனால பொருக்கு இருக்கு, காட்டு மேட்டு வேல இருக்குன்னா ரிசல்ட்டுக்கு காத்திருக்காம ஆரம்பிக்கறதுதான் முறை. லேட் ஆனா நுரையீரல், கிட்னி, மூளைக்காய்ச்சல்னு போயிடும். பொருக்கு எல்லாருக்கும் இருக்காதுங்கறதையும் சேத்து வெச்சுக்கங்க, அது இல்லங்கறதால நோய் இல்லன்னு ஆயிடாது.

முத்திப்போய் ஐசியூ வரைக்கும் போனவங்களுக்கு டாக்ஸியா, இல்ல அசித்ரோமைசின்ங்கற இன்னொரு ஆண்டிபயாடிக்கான்னு ஒரு பெரிய ஆய்வு நம்ம நாட்டுலயே நடந்துச்சு, வேலூர் சிஎம்சி உட்பட ஏழு மையம், கிட்டத்தட்ட 800 நோயாளிங்க, 2023ல வெளியாச்சு. சாவு, ஏழாம் நாளும் தொடர்ற சிக்கல், அஞ்சாம் நாளும் விடாத காய்ச்சல் எல்லாத்தையும் சேத்து பாத்தா, ஒண்ணு மட்டும் நரம்புல ஏத்துனத விட ரெண்டையும் சேத்து ஏத்துனதுல பலன் அதிகம். சாவு எண்ணிக்கைல மட்டும் தனியா பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல, அதையும் சொல்லிடணும். கர்ப்பிணிங்களுக்கு அசித்ரோமைசின்தான் வழக்கமா குடுப்பாங்க.

கிள்ளான்_வாசி எழுதியது:
மலேசியாவுல இருந்து எழுதறேன். இந்தக் காய்ச்சலுக்கு எங்க ஊர் பக்கம் ஒரு பழைய கதை இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல பர்மா காட்டுல சண்டைக்கு வந்த சிப்பாய்ங்கள இது வாரிட்டு போச்சு, அப்ப சரியான மருந்தே இல்ல. 1948ல அமெரிக்க ராணுவ டாக்டருங்க கோலாலம்பூர்ல வந்து குளோராம்ஃபெனிகால்னு புது மருந்த ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிங்களுக்கு குடுத்து பாத்தாங்க, நல்லா கேட்டுச்சு. அதுல கூத்து என்னன்னா, ஸ்க்ரப்னு நெனச்சு சேத்தவங்கள்ல டைபாய்டுக்காரங்களும் இருந்திருக்காங்க, அவங்களுக்கும் கொணமாயிடுச்சு. டைபாய்டுக்கு மொத மருந்து அப்படித்தான் கெடச்சது. உங்கம்மா விஷயத்துல அப்படியே தலகீழா நடந்திருக்கு.

பாலாற்றங்கரை எழுதியது:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நாய் தப்பிச்சுது. அம்மா அடுத்த வாரமே மாட்டுக்கு புல் அறுக்க போறேங்கறாங்க, சொன்னா கேக்க மாட்டாங்க. ஒரு தடவ வந்தவங்களுக்கு மறுபடி வராதுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்களாம், அது உண்மையா?

லேப்_கோட்டு எழுதியது:
இல்ல, மறுபடி வரும். இந்தக் கிருமில நிறைய ரகம் இருக்கு, ஒண்ணுக்கு உண்டான எதிர்ப்பு இன்னொண்ணுக்கு சரியா ஒதவாது, அதே ரகத்துக்கே ரொம்ப வருஷம் தாங்காது. தடுப்பூசியும் கெடையாது. புல் அறுக்க போகட்டும், முழுக்கை சட்ட, காலுக்கு சாக்ஸ், வெறும் புல்லுல உக்கார வேணாம், தொவச்ச துணிய பொதர் மேல காயப்போட வேணாம். வந்ததும் சோப்பு போட்டு தேச்சு குளிச்சு, போட்டிருந்த துணிய அப்படியே சுடுதண்ணில முக்கச் சொல்லுங்க. மறுபடி காய்ச்சல்னா ரெண்டாம் நாளே அந்த வேலூர் சீட்ட எடுத்துட்டு போங்க.