ஒரே வகுப்பு, வெவ்வேறு கற்றல் நிலைகள்: கைக்கணினியை எவ்வாறு பயன்படுத்துவது?

கேள்வி:
என் வகுப்பில் பின்னங்களை எளிதாகக் கையாளும் மாணவர்களும், வகுத்தலிலேயே தடுமாறும் மாணவர்களும் இருக்கிறார்கள். கைக்கணினியிலும் அனைவருக்கும் ஒரே பயிற்சியையே கொடுத்துவருகிறேன். இதை எவ்வாறு மாற்றலாம்?

பதில் 1:
பாடத்துக்கு முன் 5 வினாக்கள் கொண்ட சிறு தேர்வைத் திரையில் வையுங்கள். மதிப்பெண்ணைவிடத் தவறின் வகையே முக்கியம்: 1/2 + 1/3 என்பதற்கு 2/5 என விடையளித்தவர் தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டியிருக்கிறார் என்பதால், அவருக்குத் தேவை கூடுதல் கணக்குகள் அல்ல, பகுதியின் பொருளை உணர்த்தும் படவிளக்கமே. குழுக்களை அடிக்கடி மாற்றுங்கள். நிலையான குழு பிள்ளைகள்மீது முத்திரையாகப் படிந்துவிடும்.

பதில் 2:
வாசிக்கச் சிரமப்படுவோருக்கு, உரையை ஒலியாக்கும் வசதியை இயக்கிக் கொடுங்கள். கணக்கு தெரிந்தும் வினா புரியாமல் தவறவிடும் பிள்ளைகளைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

பதில் 3:
விடைகளைக் கருவி திருத்தும் நேரத்தில், மிகவும் தடுமாறும் மாணவரின் அருகில் சென்று அமருங்கள்.