கர்ப்பப்பைக் கட்டிக்கு லேப்ராஸ்கோபி: செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

மதுரைக்காரி:
வயது 36. கர்ப்பப்பையில் 7 செ.மீ. நார்க்கட்டி. மாதவிடாய் பத்து நாள் நீடிக்கிறது, ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிவிட்டது. ஒரு டாக்டர் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கட்டியை மட்டும் எடுக்கலாம் என்கிறார். எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும். என்ன செய்வது?

தோசைக்கல்:
அக்கா, எனக்கு லேப்ராஸ்கோபியில்தான் எடுத்தார்கள். நான்கு சின்னத் துளை, மூன்றாம் நாள் வீடு. தையல் வலியைவிட, வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய வாயுவால் தோள்பட்டை பிடித்துக்கொண்டதுதான் கொடுமை, அதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை! முதலில் இரும்புச்சத்து ஊசி போட்டு ரத்தத்தை ஏற்றிய பிறகுதான் தேதியே கொடுத்தார்கள்.

கீழவீதி:
பெரிய கட்டியைத் துளை வழியாக எடுக்க உள்ளேயே துண்டு துண்டாக வெட்டுவார்கள். அரிதாகக் கட்டிக்குள் புற்று மறைந்திருந்தால் அது பரவிவிடலாம் என்று 2014-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அதனால் கட்டியைத் தனியாக ஒரு உறைப் பைக்குள் வைத்து வெட்டுவீர்களா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மதுரைக்காரி:
சரி, கேட்கிறேன். ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை பற்றியும் ஒருவர் சொன்னார்.

கீழவீதி:
எம்போலைசேஷன். கட்டி சுருங்கும், ஆனால் குழந்தை வேண்டும் என்பவர்களுக்குப் பொதுவாக அதை முதலில் பரிந்துரைப்பதில்லை.

தோசைக்கல்:
அப்புறம் ஒன்று அக்கா, கர்ப்பப்பையில் போட்ட தையல் ஆறச் சில மாதம் பொறுக்கச் சொல்வார்கள், பிரசவமும் சிசேரியனாக இருக்கலாம். கட்டி திரும்ப முளைக்கவும் வாய்ப்பு உண்டு, எனக்கு இப்போது ஒரு குட்டிக் கட்டி வந்திருக்கிறது.