நோயாளர் இரத்த 'மேலாண்மை'யா, 'பேணல்' ஆகுமா?

அன்புடையீர், வணக்கம்.

'பேஷன்ட் பிளட் மேனேஜ்மென்ட்' என்பதற்கு ஐயா அவர்கள் முன்மொழிந்த 'நோயாளர் இரத்த மேலாண்மை' மூலத்துக்கு நேரான சொல்தான். ஆயினும், அதை முதன்முறை படிப்பவர் மனத்தில் இரத்த வங்கியின் இருப்பும் பைகளின் கணக்குமே தோன்றும் என்று அஞ்சுகிறேன். வங்கியிலுள்ள இரத்தத்தைப் பங்கிடுவது அன்று, நோயாளியின் உடம்பில் ஓடும் இரத்தத்தையே ஓர் உறுப்பைப் போலக் கருதிக் காப்பதே இக்கருத்தின் உயிர்நிலை.

இக்கருத்து 2010இல் உலக சுகாதாரப் பேரவையின் தீர்மானத்தில் இடம்பெற்றது. 2021இல் உலக சுகாதார அமைப்பு இதன் உடனடித் தேவையை வலியுறுத்தித் தனி அறிக்கையும் வெளியிட்டது. இரத்தசோகையை உரிய காலத்தில் கண்டறிந்து மருந்தளித்தல், இரத்த இழப்பைக் குறைத்தல், குறைந்த ஹீமோகுளோபினை உடல் தாங்குமாறு செய்தல் என மூன்று செயல்கள் இதில் அடங்கும். மருத்துவமனைகள் பெரிதும் தவறுவது முதலாவதில்தான். ஹீமோகுளோபின் ஆணுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும் கீழே இருந்தால் சோகை என்பது எல்லார்க்கும் தெரியும். ஆனாலும் அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே வந்த 10.5 என்ற முடிவு கோப்பில் செருகப்பட்டு, அறுவை நாளில் இரண்டு பை இரத்தம் ஆயத்தமாக இருக்கட்டும் என்ற குறிப்போடு நின்றுவிடுகிறது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து இரும்புக் குறைவா, சிறுநீரக நோயா, உள்ளே எங்கேனும் கசிவா என்று காரணம் தேடுவதற்கு இருந்த காலமெல்லாம் அப்படியே கழிந்துபோகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்தோறும் பரிசோதனைக்கு எடுக்கும் இரத்தமே சோகையை வளர்க்கும் என்பதால், சிறிய குழாய்களைப் பயன்படுத்துவதும் இதில் சேர்ந்ததே.

நீருக்கும் நிதிக்கும் கழிவுக்கும் வழங்கும் 'மேலாண்மை' இவற்றைச் சுமக்காது. காத்தல், வளர்த்தல், மதித்தல் மூன்றும் 'பேணல்' என்பதில் ஒருங்கே உள்ளன. 'உடல்நலம் பேணல்' முன்பே பழகிய வழக்கு. 'தற்குருதி பேணல்' என்றும் எண்ணினேன். ஆனால் ஒருவர் தம் இரத்தத்தையே முன்கூட்டி எடுத்துவைத்து ஏற்றிக்கொள்ளும் முறைக்குத் 'தற்குருதி' தேவைப்படுமாதலால் விட்டுவிட்டேன். எனவே 'நோயாளர் குருதிப் பேணல்' என்று முன்மொழிகிறேன்.

மறுமொழி:

அம்மா, வணக்கம். 'பேணல்' என்பதை மனமார ஏற்கிறேன். ஆனால், இதே வேகத்தில் 'அனீமியா மேனேஜ்மென்ட்' என்பதையும் 'சோகை பேணல்' என்று யாரும் ஆக்கிவிடக்கூடாது. அது நோயைப் போற்றி வளர்ப்பதாகிவிடும். 'சோகை நீக்கம்' எனலாமென்றால், தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோய்களில் சோகை முற்றும் நீங்குவதில்லை. 'தணிப்பு' என்பதை வலிதணிப்பு மருத்துவத்துக்குக் கொடுத்துவிட்டோம். ஆகவே அங்கு மட்டும் 'சோகை மேலாண்மை' நிற்கட்டும்.

குருதியா இரத்தமா என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. கலைச்சொல் பட்டியலில் 'நோயாளர் குருதிப் பேணல்' இருக்கட்டும். நோயாளியின் கையில் தரும் படிவத்தில் 'உங்கள் இரத்தத்தைப் பேணுதல்' என்றே அச்சிடலாம்.