62-ஆம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

எட்டு மாதமாக ஒரே காட்சியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இருண்ட நகைச்சுவைத் திரைக்கதை, 110 பக்கம், மூன்றாவது வரைவு. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால், முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே ஓடுகிறது.

கதை நடப்பது ஆலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். வட்டி வசூலிக்க வந்தவன் படியில் வழுக்கி விழுந்து சாகிறான். அங்கே ஐந்து வீட்டுக்காரர்களுமே அவனிடம் கடன்பட்டவர்கள். விபத்து என்றால் போலீஸ் நம்பாது. உடலை நாற்காலியில் உட்காரவைத்துப் பூட்டிவிட்டு ஷிஃப்டுக்குப் போகிறார்கள், ஏனென்றால் ஒரு நாள் கூலி போனால் போனதுதான். பன்னிரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் உடல் உட்கார்ந்தபடியே விறைத்திருக்கிறது. அந்த நிலையில் வாசல் வழியாக வெளியே எடுக்க முடியவில்லை. இதுவரை படித்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்து, 62-ஆம் பக்கத்தில், அவன் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு தேடி வருகிறாள். அத்தோடு சரி, யாரும் சிரிப்பதில்லை.

அவளை நீக்கிப் பார்த்தேன், வெறும் கூத்தாகிவிட்டது. கொடுமைக்காரியாக மாற்றினேன், மலிவாக இருந்தது. காட்சியை முன்னால் நகர்த்தினேன், அப்புறம் நாற்காலிக் காட்சியின் நகைச்சுவை எடுபடவில்லை. விசாரிக்க வரும் ஏட்டைக் கோமாளியாக்கச் சொன்னார் ஒருவர். அதைச் செய்ய மனமில்லை. ஏட்டு புத்திசாலியாக இருந்தால்தான் பயமே வரும்.

அவள் வரும் காட்சியை யாருடைய பார்வையில் எழுதினால் துக்கமும் சிரிப்பும் சேர்ந்து நிற்கும்?