ஏற்காடு ஏத்தத்துக்கு ட்வின் ஸ்க்ரோல் டர்போ: பூஸ்ட் சீக்கிரம் வருமா?

கோரிமேடு_ரைடர்:
நாலு சிலிண்டர், 2 லிட்டர் பெட்ரோல், சிங்கிள் ஸ்க்ரோல் டர்போ. அடிவாரம் தாண்டி ஏறும்போது கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியர்ல ஆர்பிஎம் 1,500க்கு வந்துடுது. மிதிச்சா 2,300 வரைக்கும் சும்மா உறுமுது, அப்புறம்தான் பூஸ்ட் (டர்போ அழுத்தி அனுப்புற காத்து) வந்து தூக்குது. சேலம் டவுனுக்குள்ள இவ்வளவு தெரியல. ட்வின் ஸ்க்ரோல் (புகை டர்பைனுக்குப் போக ரெண்டு தனி வழி இருக்கிற டர்போ) போட்டா சரியாகுமா? பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (சிலிண்டர் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டு போற குழாய்) வச்சுக்கிட்டு டர்போவை மட்டும் மாத்தலாமா?

பட்டறைக்காரன்:
டர்போவை மட்டும் மாத்தினா காசுக்குக் கேடுங்க. ட்வின் ஸ்க்ரோலோட வேலையே மேனிஃபோல்டுலதான் ஆரம்பிக்குது.

உங்க இன்ஜின் வெடிக்கிற வரிசை 1-3-4-2. 180 டிகிரிக்கு ஒரு சிலிண்டர் வெடிக்குது, ஆனா எக்ஸாஸ்ட் வால்வு அதைவிட அதிக நேரம் திறந்திருக்கும். அதனால ஒண்ணாவது சிலிண்டர் மிச்சப் புகையைத் தள்ளி முடிக்கிற நேரத்துல மூணாவது வால்வைத் திறந்து முழு அழுத்தத்தோட கக்குது. எல்லாம் ஒரே குழாய்னா அந்த அடி ஒண்ணாவதுக்குள்ள திரும்பிப் போகும். சூடான புகை உள்ளயே தங்கும், நாக்கிங் (எரிபொருள் தானா வெடிக்கிறது) வரும்னு ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். டர்பைனை (புகையால சுத்துற டர்போ சக்கரம்) தட்ட வேண்டிய துடிப்பும் பொதுக் குழாய்ல விரிஞ்சு சோர்ந்துடும்.

1, 4 ஒரு பக்கம், 2, 3 இன்னொரு பக்கம்னு பிரிச்சா, ஒரு குழாய்ல ரெண்டு துடிப்புக்கு நடுவுல 360 டிகிரி இடைவெளி. ஒண்ணை ஒண்ணு தொந்தரவு பண்ணாது. இந்தப் பிரிவு சிலிண்டர் ஹெட்லருந்து டர்பைன் சக்கரம் வரைக்கும் எங்கயும் உடையக்கூடாது. நடுச்சுவர் இல்லாத கேஸ்கெட் போட்டாலே பாதி பலன் போச்சு. வேஸ்ட்கேட்டும் (அதிகப்படி புகையை டர்பைனைத் தொடாம வெளிய விடுற கதவு) அப்படித்தான்: ரெண்டு பக்கத்தையும் சுவரில்லாத ஒய் குழாயால ஒரே கேட்டுக்குக் கொண்டு போனா புகை அங்க கலந்துடும். இதை எத்தனை பேர் கோட்டை விடுறாங்கன்னு எண்ணி மாளாது.

எல்லாம் ஒழுங்கா இருந்தா பூஸ்ட் சில நூறு ஆர்பிஎம் முன்னாடி வரும். மேல் ஆர்பிஎம்ல பெருசா வித்தியாசம் இருக்காது. நடுச்சுவர் ரெண்டு பக்கமும் வேகுறதால விரிசல் விடுறதும் உண்டு.

சேர்வராயன்:
ரெண்டு விஷயத்தைக் குழப்பிக்க வேண்டாம். 1,500ல முழு பூஸ்ட் வராதது டர்போ அளவும் புகை அளவும் சம்பந்தப்பட்டது, அது த்ரெஷோல்ட் (பூஸ்ட் வரத் தேவையான குறைஞ்சபட்ச ஆர்பிஎம்). 3,000ல மிதிச்ச பிறகு பூஸ்ட் ஏற எடுக்கிற நேரம்தான் லேக். உங்களோடது முதல் ரகம்.

மலையும் சேர்ந்துக்குது. சேலத்துல காற்றழுத்தம் சுமார் 0.98 பார், ஏற்காட்டுல 1,500 மீட்டர்ல சுமார் 0.85. இன்டேக் மேனிஃபோல்டுல (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) மொத்தம் 1.8 பார் வேணும்னா கீழ 1.84 மடங்கு அழுத்தினா போதும், மேல 2.1 மடங்கு. டர்போ இன்னும் வேகமா சுத்தணும், அதனால த்ரெஷோல்டும் மேல ஏறும். ட்வின் ஸ்க்ரோல் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. வளைவுக்கு முன்னாடியே முதல் கியருக்கு இறக்கிப் பாருங்க, செலவே இல்லை.

கோரிமேடு_ரைடர்:
தம்பி வண்டி மூணு சிலிண்டர் 1.2 டர்போ. அதுக்கு ட்வின் ஸ்க்ரோல் வருமா?

பட்டறைக்காரன்:
தேவையே இல்லைங்க. மூணு சிலிண்டர்ல துடிப்புக்கு நடுவுல இயல்பாவே 240 டிகிரி இருக்கு. ஆறு சிலிண்டர்ல 1-2-3, 4-5-6ன்னு பிரிக்கிறதும் அதே 240க்காகத்தான். டீசல்ல பெரும்பாலும் இறக்கை திருப்புற விஜிடி டர்போ. பெட்ரோல் புகையோட சூட்டை அந்த இறக்கை தாங்க விலை உயர்ந்த உலோகம் வேணும், அதான் பெட்ரோல்ல அபூர்வம்.

சேர்வராயன்:
மாத்துறதுக்கு முன்னாடி இருக்கிறதைச் சோதிங்க. ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழட்டி டர்போ வாயையும், த்ராட்டில் பாடிக்கு வர்ற ஹோஸையும் மூடி போட்டு கிளாம்ப் இறுக்குங்க. அரை பார்ல ஆரம்பிச்சு, 1 பாருக்கு மேல போகாம காத்து குடுத்து சோப்புத் தண்ணி தெளிங்க. மூடிக்கு நேரா நிக்காதீங்க, கழண்டா குண்டு மாதிரி பறக்கும். இன்டர்கூலரோட (அழுத்தின காத்தைக் குளிர வைக்கிறது) பிளாஸ்டிக் மூலை, ஹோஸ் கிளாம்ப், டைவர்ட்டர் வால்வு (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிச்ச பூஸ்டைத் திருப்பி விடுறது) டயஃப்ரம், இந்த மூணுலயும் நல்லாப் பாருங்க.

அடுத்து வேஸ்ட்கேட் ராடு. கைப் பம்பால காத்து குடுத்து, எந்த அழுத்தத்துல அசையுதுன்னு சர்வீஸ் புக்ல இருக்கிறதோட ஒப்பிடுங்க. சீக்கிரமே அசைஞ்சா கீழ் ஆர்பிஎம்ல புகை டர்பைனைத் தொடாமலே ஓடிடும். காலைல குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணதும் டிக் டிக்னு சத்தம் வந்து, சூடானதும் நின்னா மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசியுது. பக்கத்துல கரி படிஞ்சிருக்கும்.

பட்டறைக்காரன்:
அதுக்கப்புறமும் மாத்தணும்னா பட்ஜெட்ல இதெல்லாம் சேருங்க: பிரிச்ச மேனிஃபோல்ட், டர்போ, வேஸ்ட்கேட், டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்து வர்ற புகைக் குழாய்), ஆயில், கூலன்ட் லைன், ஈசியூ ட்யூனிங். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52ம் குறுக்க நிக்குது, கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. விபத்துன்னா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல கிளறுறதும் அதைத்தான்.

கோரிமேடு_ரைடர்:
இன்டர்கூலர் ஹோஸ்ல சோப்பு நுரை கிளம்புது. கிளாம்ப் மாத்திட்டுச் சொல்றேன்.