ஸ்கீ பூட்டுக்குள் அளவெடுத்துச் செய்த இன்சோல்: தட்டைப் பாதக்காரருக்குப் பயன்படுமா?

கீழக்கரைத் தெருக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கீழக்கரையைச் சேர்ந்தவன். துபாயில் கணக்கு வேலை பார்க்கிறேன். அங்குள்ள உள்ளரங்கப் பனித்தளத்தில் இரண்டு ஆண்டுகளாக ஸ்கீயிங் என்னும் பனிச்சறுக்கைப் பழகி வருகிறேன். ஜனவரிக் கடைசியில் அலுவலக நண்பர்களோடு காஷ்மீரின் குல்மார்க் செல்வதாக முடிவாகியிருக்கிறது. இப்போது விடுப்பில் ஊரில் இருக்கிறேன். ஸ்கீக்கு மாட்டும் பூட் காலணியைக் காலுக்குப் பழக்கிக்கொள்ளலாம் என்று கூடவே கொண்டு வந்திருக்கிறேன். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அதை மாட்டுவதைப் பார்த்த என் தாயார், கால் முறிந்தவனுக்குக் கட்டுப் போடுவது போல இருக்கிறதே என்றார்கள்.

வாடகைப் பூட்டுகள் எல்லாம் முன்பாதத்தை நெருக்கியதால், சென்ற ஆண்டு ஒருவர் பயன்படுத்திய 27.5 அளவுப் பூட் ஒன்றை விலைக்கு வாங்கினேன். மாட்டியவுடன் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பனியில் இறங்கி இருபது நிமிடம் ஆவதற்குள் உள்ளங்கால் வளைவில் தீயாய் எரிகிறது. குதிகால் பூட்டுக்குள் ஏறி இறங்குகிறது. அதைத் தடுக்கப் பக்கிளை இறுக்கினால் விரல்கள் மரத்துப்போகின்றன. உட்பக்கக் கணுக்காலுக்குச் சற்று முன்னும் கீழுமாக இருக்கும் எலும்பு உரசிச் சிவந்துவிடுகிறது. எனக்குத் தட்டைப் பாதம். சிறு வயதில் கடற்கரையில் செருப்பில்லாமல் திரிந்ததால் வந்தது என்று நினைக்கிறேன்.

துபாயில் பூட் பொருத்துபவர் ஒருவர், பாதத்தை அச்செடுத்து, பூட்டுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் இன்சோலைத் தனியாகச் செய்து போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். அவர் சொல்லும் விலை, நான் பூட்டுக்குக் கொடுத்த விலையை நெருங்குகிறது. அந்தச் செலவு தகுமா? மதுரையில் மருத்துவக் காலணி செய்பவர்களிடமே இதைச் செய்துகொள்ளலாமா?

ஏர்வாடி முன்னாள் படைவீரர் பதில்:

தம்பி, நான் குல்மார்க்கில் உள்ள ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியில் ஸ்கீ பழகியவன். இன்சோலைப் பற்றி யோசிப்பதற்கு முன் பூட்டின் அளவு சரிதானா என்று பாருங்கள். ஏனென்றால், நீங்கள் எழுதியிருப்பதில் பாதி, பெரிய பூட் மாட்டியவன் சொல்லும் குறைகள்.

பூட்டின் உள்ளுறையை முழுவதும் உருவி எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் மெல்லிய காலுறையோடு காலை விட்டு, விரல்நுனி முன்சுவரை லேசாகத் தொடும்படி நின்றுகொண்டு, குதிகாலுக்கும் பின்சுவருக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 10 முதல் 15 மில்லிமீட்டர் இருந்தால் நன்கு பிடித்து நிற்கும். 20 வரை சுகமான பொருத்தம் என்று சொல்லலாம். அதற்கு மேல் போனால், எந்த இன்சோலை வைத்தாலும் குதிகால் நிற்காது.

ஸ்கீ பூட்டில் எழுதியிருக்கும் எண், பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது. 27-க்கும் 27.5-க்கும் பெரும்பாலான நிறுவனங்களில் வெளிக்கூடு ஒன்றே. மாறுவது உள்ளே வைத்திருக்கும் தட்டோ உள்ளுறையோதான். கடையில் அரை அளவு கூட்டியும் குறைத்தும் கொடுப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இன்னொன்று. நம் வெயிலில் பிளாஸ்டிக் இளகியிருக்கும், காலும் வீங்கியிருக்கும். விடியற்காலையில் அளந்து பாருங்கள்.

ராமநாதபுரம் இயன்முறை மருத்துவர் பதில்:

சகோதரர் தம் பாதத்தைப் பற்றிச் சொன்ன ஒரு செய்தியை முதலில் திருத்த வேண்டும். செருப்பில்லாமல் நடந்ததால் தட்டைப் பாதம் வந்தது என்பது நம் ஊரில் பலரும் நம்புவது. கிடைத்திருக்கும் சான்று இதற்கு நேர்மாறானது. 1992-இல் ராவ், ஜோசப் என்னும் மருத்துவர்கள் 2,300 இந்தியக் குழந்தைகளின் பாதத்தடங்களை ஆராய்ந்தபோது, காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாமல் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருக்கக் கண்டார்கள். வெறுங்காலோடு வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் அகன்று விரல்கள் விரிந்திருப்பது உண்மை. உங்களுக்கு வாடகைப் பூட் நெருக்கியதற்குக் காரணம் அந்த அகலமாக இருக்கலாம். அதற்குத் தீர்வு அகலமான கூடு. நீங்களோ நீளமான கூட்டை வாங்கிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

அடுத்து, தட்டைப் பாதம் என்று நீங்களே முடிவு செய்ததைச் சரிபார்த்துவிடுங்கள். கடற்கரை ஈர மணலில் பதிந்த தடத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மணல் குழைந்து வளைவுக்குள் ஏறிக்கொள்வதால், நல்ல வளைவுள்ள பாதமும் அதில் தட்டையாகவே தெரியும். காலை நனைத்துச் சிமெண்டுத் தரையிலோ மளிகைக் கடைப் பழுப்புத் தாளிலோ மிதித்துப் பாருங்கள். பிறகு யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் நில்லுங்கள். அப்போது வளைவு எழுந்து, உட்பக்கம் சாய்ந்திருந்த குதிகால் நிமிர்ந்தால், உங்களுடையது நெகிழும் தட்டைப் பாதம். இன்சோலால் மிகுதியாகப் பயன் பெறும் வகை அதுதான். எழவே இல்லையென்றால் அதை வலிந்து தூக்கக் கூடாது. இருக்கும் வடிவத்துக்குப் பொருந்தத் தாங்கினால் போதும்.

உரசிச் சிவக்கும் எலும்பு பெரும்பாலும் படகெலும்பாக இருக்கும். வடிவத்தை வைத்து வந்த பெயர். வளைவு சரியும்போது அது உள்ளும் கீழுமாகத் தள்ளப்பட்டுக் கூட்டின் சுவரில் போய் இடிக்கிறது. வளைவைத் தாங்கினால் அது சற்று உள்வாங்கும்.

மதுரையில் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே அச்செடுக்கும் கைத்திறன் உண்டு. ஆனால், நீரிழிவுக்காரர்களுக்குச் செய்யும் எம்.சி.ஆர். என்னும் நுண்துளை ரப்பரில் மட்டும் செய்துவிடாதீர்கள். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்க, டாக்டர் பால் பிராண்டு போன்றோர் வேலூரில் பணியாற்றிய காலத்தில் பயனுக்கு வந்த பொருள் அது. மெத்தென்று அமுங்கி அழுத்தத்தைப் பரப்புவது அதன் வேலை. ஸ்கீ பூட்டில் அப்படி அமுங்கினால் குதிகால் மறுபடியும் சாயும். நீங்கள் காலைச் சாய்ப்பதற்கும் ஸ்கீயின் விளிம்பு பனியைப் பற்றுவதற்கும் இடையில் ஒரு தாமதம் வரும். அடிப்பகுதி கார்க் அல்லது கெட்டியான ஈ.வி.ஏ. நுரையில் இருக்க வேண்டும். மேலே மெல்லிய மென்படலம் போதும்.

உங்களுக்கு நீரிழிவு இருந்து, விரல் மரப்பது பூட் இல்லாதபோதும் தொடர்ந்தால், அதை மருத்துவரிடம் காட்டாமல் பனிக்குப் போகாதீர்கள்.

கீழக்கரைத் தெருக்காரன்:

இருவருக்கும் நன்றி. நீரிழிவு இல்லை. இன்று காலை ஐந்தரை மணிக்கு அளந்து பார்த்தேன். நின்றபடி அளந்தால் பாதம் 265 மில்லிமீட்டர். நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தின் மேல் எடையில்லாமல் அளந்தால் 258. உள்ளுறையை உருவிவிட்டுப் பார்த்தபோது குதிகாலுக்குப் பின்னால் 28 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. என் தம்பியின் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தன. நுனிவிரலில் நின்றால் வளைவு எழுகிறது என்று அவனே சொன்னான்.

உள்ளுறைக்குள்ளிருந்து வந்த இன்சோலைப் பார்த்ததும்தான் ஏமாந்தது புரிந்தது. அட்டை போல மெல்லியதாக, எந்த வளைவும் இல்லாமல், குதிகால் பட்ட இடத்தில் முன்பிருந்தவரின் பள்ளத்தோடு இருந்தது.

தொண்டிக்காரர், கால்கரியிலிருந்து:

நான் இங்கே கனடாவில் குளிர்காலங்களில் ஸ்கீ கடையில் பூட் பொருத்தும் வேலை பார்த்தவன். தம்பி நின்றும் உட்கார்ந்தும் அளந்ததற்கு இடையில் வரும் 7 மில்லிமீட்டர்தான் இந்த இழையிலேயே முக்கியமான செய்தி. எடை ஏறும்போது வளைவு படிந்து பாதம் நீள்கிறது. நீண்ட பாதத்துக்கு இடம் கொடுக்கப் பெரிய பூட் வாங்குகிறோம். பெரிய பூட்டில் குதிகால் நழுவுகிறது. குதிகால் நழுவினால் பக்கிளை இறுக்குகிறோம்; இறுக்கியதும் புறங்காலின் மேலே ஓடும் நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்கி விரல் மரத்துப்போகிறது, குளிரும் ஏறுகிறது. கால் குளிர்கிறதென்று இரண்டு காலுறை போட்டு இன்னும் இறுக்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வளைவில் எரிச்சல் வருவதற்கு நம் ஊர்க்காரருக்குப் புரியும்படி ஒரு காரணம் சொல்கிறேன். அலையில் ஆடும் வள்ளத்தில் வெறுங்காலோடு நிற்பவர் விரல்களை மடக்கிப் பலகையைப் பற்றிக்கொள்வார். பூட்டுக்குள் பாதத்துக்கு அடியில் தாங்கல் இல்லாதபோது, விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் கால் தானாகவே அதைத்தான் செய்கிறது. இருபது நிமிடம் விரல்களை மடக்கியே வைத்திருந்தால் உள்ளங்கால் தசை எரியாமல் என்ன செய்யும்? பாதம் முழுவதும் ஏதோவொன்றின் மேல் படிந்திருக்கிறது என்று கால் உணர்ந்துவிட்டால் விரல்கள் தாமாக விரியும். இன்சோலின் முதல் பயன் இதுதான் என்பது என் அனுபவம். வளைவைத் தூக்கி நிறுத்துவதெல்லாம் அதற்கு அடுத்தது.

ஆகவே 27.5-ஐ விட்டுவிடுங்கள். 26.5 அளவில், முன்பாத அகலம் 102 மில்லிமீட்டர் அளவிலுள்ள கூடாகப் பாருங்கள். அதில் அச்செடுத்த இன்சோலை வைத்த பிறகே, எலும்பு இடிக்கும் இடத்தைச் சூடேற்றி வெளியே தள்ளச் சொல்ல வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. இன்சோல் வைத்தால் எலும்பு நிற்கும் உயரமே மாறிவிடும், முன்பே தள்ளிய குழி வீணாகும்.

அச்செடுக்கும்போது முழு எடையோடு நிற்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சரிந்த வளைவு சரிந்தபடியே பதிந்துவிடும். உட்கார்ந்த நிலையில், முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க, பொருத்துபவர் குதிகாலைக் கையால் பிடித்து நேராக்கி எடுப்பது நல்லது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இன்சோல் தடிமனாக இருந்தால் பாதம் முழுவதும் உயர்ந்து, புறங்கால் மேடு கூரையில் இடிக்கும். அப்போது உள்ளுறைக்கு அடியில் இருக்கும் அடிப்பலகையைச் சற்றுத் தேய்த்துக் குறைக்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏர்வாடி முன்னாள் படைவீரர்:

தொண்டிக்காரர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஆண்டுக்கு ஐந்து நாள் ஸ்கீ செய்பவருக்கு அச்செடுத்த இன்சோல் கட்டாயமா? வளைவுள்ள ஆயத்த இன்சோலை நடுத்தர உயரத்தில் வாங்கி, கத்தரியால் வெட்டிப் பொருத்தியே பலர் நன்றாக ஓட்டுகிறார்கள். நாங்கள் பழகிய காலத்தில் அதுவும் இல்லை.

தொண்டிக்காரர், கால்கரியிலிருந்து:

காக்கா (அண்ணன்), பலருக்கு அது போதும் என்பதை மறுக்கவில்லை. கடையிலேயே பாதிப் பேருக்கு நான் ஆயத்த இன்சோலைத்தான் கொடுத்திருப்பேன். தம்பிக்கு 7 மில்லிமீட்டர் நீள்வதாலும், எலும்பு இடிப்பதாலும்தான் அச்செடுக்கச் சொல்கிறேன். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், முதலில் சரியான அளவுப் பூட். ஆயத்த இன்சோலோடு ஒரு பருவம் ஓட்டிப் பார்க்கட்டும்.

கீழக்கரைத் தெருக்காரன்:

விடுப்பு முடிந்து துபாய் போனதும் 26.5 பார்க்கிறேன். பழைய பூட்டை விற்றுவிட்டால் இன்சோல் செலவைச் சமாளித்துவிடலாம். குல்மார்க் போகும்போது பூட்டைப் பெட்டியில் அனுப்பலாமா?

ஏர்வாடி முன்னாள் படைவீரர்:

பெட்டி தவறினாலும் ஸ்கீயும் கம்பும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும், உங்கள் காலுக்குப் பொருத்திய பூட் கிடைக்காது. கையோடு எடுத்துச் செல்லுங்கள்; ஒரு சோடி நான்கு கிலோ அளவில் வரும், விமானத்தின் எடைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் இன்சோலையாவது கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அறைக்கு வந்ததும் உள்ளுறையையும் இன்சோலையும் வெளியே எடுத்து உலர விடுங்கள், ஆனால் அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பின் பக்கத்தில் வைக்காதீர்கள். சூட்டில் வடிவம் கொடுத்த பொருள் சூட்டிலேயே வடிவம் இழந்துவிடும். ஊருக்குக் கொண்டு வந்தாலும் பகலில் காருக்குள் விட்டுவிட வேண்டாம்.