ஆயிரத்து இருநூறு ரூபாய் கிரைண்டரா, மூவாயிரம் ரூபாய் கிரைண்டரா?

புதுப்பட்டறை:
வணக்கம். தாம்பரம் பக்கம் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை ஆரம்பிக்கிறேன். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, ஷீட் கூரை மாதிரி வேலைகள். கடைக்கு அட்வான்ஸ், கரண்ட் கனெக்ஷன் எல்லாம் போகக் கையில் மிஞ்சுவது நாற்பதாயிரம்தான். ஆன்லைனில் 4 இஞ்ச் கிரைண்டர் (இரும்பை வெட்ட, தேய்க்கக் கையில் பிடிக்கிற மிஷின்) ஆயிரத்து இருநூறுக்குக் கிடைக்கிறது. பெரிய கம்பெனியில் அதே சைஸ் மூவாயிரத்தைத் தொடுகிறது. இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் ஐந்தாயிரத்திலும் இருக்கிறது, பதினைந்தாயிரத்திலும் இருக்கிறது. இரண்டின் மேலும் 200 ஆம்ப் என்றுதான் எழுதியிருக்கிறது. எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை_லேத்:
தம்பி, மலிவுப் பக்கமே போகாதீங்க. வீட்டில் படம் மாட்ட வாங்குகிறவர் எதை வேண்டுமானாலும் வாங்கட்டும். நீங்க இதை வைத்துத்தான் சோறு சாப்பிடப் போறீங்க.

டிரில் பிட்டையே எடுத்துக்குங்க. தங்கக் கலரில் 13 பிட் அடங்கிய டப்பா இருநூறு ரூபாய்க்கே வருகிறது. அந்தக் கலர் நிஜமாகவே டைட்டானியம் நைட்ரைடு பூச்சாக இருந்தாலும், உள்ளே இருக்கிற இரும்பு மட்டம் என்றால் பிரயோஜனம் இல்லை. ஒரு தடவை சாணை பிடித்ததும் நுனியில் பூச்சு போய்விடும், அப்புறம் உள்ளே இருப்பதுதான் வெட்டியாக வேண்டும். எம்.எஸ். (சாதா இரும்பு) பட்டையில் நாலு ஓட்டை போடும், அவ்வளவுதான். கைப்பிடி வேலையில் 304 ஸ்டெயின்லெஸ் வந்தால் இன்னும் மோசம். மழுங்கின பிட் வெட்டாமல் தேய்க்கும், தேய்த்த இடம் இறுகிவிடும், பிறகு நல்ல பிட்டைக் கொண்டுவந்தாலும் அங்கே இறங்காது. பார்ட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

13 சைஸ் யாருக்கு வேணும்? 4, 6, 8 மி.மீ. மூன்றும் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) ரகத்தில் தனித்தனியாக வாங்குங்க. நம்ம சென்னை அடிசன் மாதிரி பிட் செய்தே பேர் வாங்கின கம்பெனிகள் இருக்கு. எஸ்.எஸ். வேலைக்கு எம்35 என்று அடித்த பிட் ஒன்று, அதில் 5 சதவீதம் கோபால்ட் இருக்கும்.

மொட்டைமாடித்_தச்சன்:
கோவை அண்ணன் சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். டிரில் பிட் சரி. அதை வைத்து 'மலிவுப் பக்கமே போகாதே' என்பது அதிகம்.

சி கிளாம்ப், சுத்தியல், கம்பி பிரஷ், உளி, ஸ்டாண்டு, டூல் பெட்டி எல்லாமே மலிவில் வாங்கலாம். சி கிளாம்ப் வளைந்தால் இன்னொன்று, அவ்வளவுதான். பட்டறைக்கு எண்ணிக்கைதான் முக்கியம்: பத்து மலிவு கிளாம்ப் இருந்தால் கேட் ஃபிரேமைப் பிடித்து வெல்ட் வைத்துவிடலாம், இரண்டு நல்ல கிளாம்ப்பை வைத்து முடியாது.

அளவுக் கருவியும் அப்படித்தான். மூலைமட்டம் எந்த விலையாக இருந்தாலும் கடையிலேயே சோதிக்கலாம். நேர் விளிம்புள்ள பலகையில் வைத்து ஒரு கோடு போடுங்கள், மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் அது நல்ல மட்டம். விரிந்தால், விரிசலில் பாதிதான் அதன் பிழை. ரசமட்டத்தையும் ஒரே இடத்தில் 180 டிகிரி திருப்பி வைத்துப் பாருங்கள், குமிழி இரண்டு தடவையும் அதே கோட்டில் நிற்க வேண்டும். நூறு ரூபாய் மட்டம் இதில் பாஸானால் எண்ணூறு ரூபாய்க்கு எதற்கு?

கோவை_லேத்:
இன்றைக்குப் பாஸாகும். ரிவெட் வைத்து இணைத்த மூலைமட்டம் ஒருமுறை தரையில் விழுந்தால் அப்புறம்? கேட்டில் 2 மி.மீ. கோணல் என்றால் தாழ்ப்பாள் விழாது. நீங்க மொட்டைமாடியில் பொழுதுபோக்குக்குச் செய்யறீங்க, கோணலானால் உங்க வீட்டு ஸ்டூல்தானே ஆடும்!

மொட்டைமாடித்_தச்சன்:
விழுந்தால் எண்ணூறு ரூபாய் மட்டமும் கோணலாகும் அண்ணே. அதைச் சோதிக்க மாட்டேன் என்று நம்பிக்கையில் உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. என் ஸ்டூல் ஆடவில்லை, வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

சைட்_சூப்பர்வைசர்:
நான் தொழில்காரன்தான், மலிவுக்கு ஓட்டு போடுகிறேன். கட்டட சைட்டில் நல்ல கிரைண்டர் வாங்கினால் அது தேய்ந்து சாவதில்லை, காணாமல் போகிறது. இல்லாவிட்டால் இரண்டாம் மாடியிலிருந்து விழுகிறது. இல்லாவிட்டால் யாராவது கான்கிரீட் வெட்டி, சிமெண்ட் தூசி உள்ளே போய் ஆர்மேச்சர் (மோட்டாரில் சுற்றுகிற காயில்) எரிகிறது. மூவாயிரம் ரூபாய் மிஷினும் இந்த மூன்றுக்கும் தப்பாது. ஆயிரத்து இருநூறு ரூபாய் மிஷின் இரண்டை வாங்கிக் கொடுத்துவிட்டால் ஒன்று ரிப்பேரானாலும் ஆள் சும்மா உட்கார மாட்டான். எங்களுக்கு ஒரு நாள் கூலி வீண் என்பது கிரைண்டர் விலையில் பெரிய பங்கு.

கோவை_லேத்:
அது சைட்டு. பட்டறையில் மிஷின் எங்கும் போகாது. அங்கே கேட்க வேண்டியது ஸ்பேர் கிடைக்குமா என்பது. கார்பன் பிரஷ் தேய்ந்தால், சுவிட்ச் போனால், கியர் பல் உடைந்தால், பேர் தெரிந்த கம்பெனி மிஷினுக்கு லிங்கிச் செட்டித் தெருவில் கேட்டால் எடுத்துத் தருவான். பேர் இல்லாத மிஷினுக்கு பிரஷ்ஷை அரத்தால் ராவித்தான் மாட்ட வேண்டும். காயில் கட்டக் கொடுத்தால் புது மிஷின் விலையில் பாதிக்கு மேல் கேட்பார்கள், தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒயர்மேன்:
மிஷினை வைத்து அடித்துக்கொள்கிறீர்கள், அதில் மாட்டுகிற கட்டிங் வீலைப் பற்றி யாரும் பேசவில்லை. கையைக் கண்ணை வாங்குவது அதுதான்.

4 இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். நல்ல 4 இஞ்ச் வீலில் 80 மீட்டர்/செகண்ட், அதிகபட்சம் 15,200 சுற்று என்ற மாதிரி அச்சடித்திருக்கும். அந்த எண் இல்லாத வீலை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நடுவில் உள்ள தகர வளையத்தைப் பாருங்கள், மாதமும் வருடமும் அடித்திருக்கும். அது காலாவதித் தேதி. வீலைப் பிடித்து வைத்திருப்பது பிசின், ஈரம் குடித்தாலும் வருஷம் போனாலும் பிடிப்பு குறையும். சந்தையில் கட்டாகக் கொட்டி விற்கிற வீல்களில் தேதி தாண்டினவை நிறைய. ஒரு வீலுக்குப் பத்து பதினைந்து ரூபாய் மிச்சம். அதற்காகவா?

இன்னொன்று, வீலை மூடியிருக்கிற காப்புத் தகட்டை (கார்டு) கழற்றிவிட்டு மரம் அறுக்கிற பல் பிளேடை கிரைண்டரில் மாட்டுகிற பழக்கம். இதில் மலிவு மிஷினும் ஒன்றுதான், விலை உயர்ந்த மிஷினும் ஒன்றுதான். பல் மரத்தில் சிக்கினால் மிஷின் துள்ளிக் கழுத்துக்கு வரும்.

டெஸ்டர்: பஸ் ஸ்டாண்டில் இருபது ரூபாய்க்கு விற்கிறார்களே, அதன் பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒரு ஸ்பிரிங், ஒரு நியான் பல்ப், ஒரு சின்ன ரெசிஸ்டர். கரண்டுக்கும் உங்கள் விரலுக்கும் நடுவில் நிற்பது அந்த ரெசிஸ்டர் ஒன்றுதான். அது எவ்வளவு ஓம் என்று தெரியாமல் 230 வோல்ட்டில் வைக்கிறீர்கள், த்ரீ ஃபேஸ் போர்டு பக்கமும் அதையே எடுத்துக்கொண்டு போகிறீர்கள். கம்பெனி டெஸ்டர் எழுபது ரூபாய்க்குள் வருகிறது. இதில் விவாதமே வேண்டாம்.

மஞ்சள் கலர் மல்டிமீட்டர் இருநூறு ரூபாய்க்கு விற்கிறதே, பேட்டரி பார்க்க, கண்டினியூட்டி (ஒயர் அறுந்திருக்கிறதா என்று) பார்க்க தாராளமாக வாங்குங்கள். ஆனால் 10 ஆம்ப் சாக்கெட் பக்கத்தில் பல மாடல்களில் ஃபியூஸ் கிடையாது என்று அவனே எழுதியிருப்பான். ஒயரை அந்தச் சாக்கெட்டில் மறந்து வைத்துவிட்டு மெயினில் தொட்டால் அது நேரடி ஷார்ட். போர்டு வேலைக்கு CAT III 600V என்று பாதுகாப்பு வகை போட்ட மீட்டர் வேண்டும்.

மொட்டைமாடித்_தச்சன்:
இதில் எனக்கு மறுப்பே இல்லை. உடைந்தால் காசு போகிற பொருள் வேறு, உடைந்தால் ஆள் போகிற பொருள் வேறு. நான் பேசுவது முதல் வகை.

கோவை_லேத்:
இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது தம்பி. உடைந்தால் அடுத்தவன் பொருள் போவது. மட்டமான ஸ்பேனர் வாய் விரிந்து போல்ட் மண்டையை உருட்டிவிட்டால் ஸ்பேனர் நூறு ரூபாய், அந்த போல்ட்டை எடுக்க அரை நாள். அது கஸ்டமர் மோட்டாரில் இருந்தால் பேரும் போச்சு.

வட்டிக்கணக்கு:
எல்லோரும் டூலைப் பார்க்கிறீர்கள், கேட்டவர் கையில் நாற்பதாயிரம்தான் என்பதை மறந்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் கம்பெனி ஐட்டமாக வாங்கினால் முதல் ஆர்டருக்கு இரும்பு டியூப் எடுக்கக் காசு இருக்காது. அட்வான்ஸ் தராத பார்ட்டி வந்தால் வட்டிக்கு வாங்க வேண்டும். இந்தத் தொழிலில் கடையை மூடினவர்களில் கிரைண்டர் எரிந்து மூடினவரை நான் பார்த்ததில்லை. சரக்குக்குக் காசில்லாமல் மூடினவர்களைப் பார்த்திருக்கிறேன். 'நல்லதாகவே வாங்கு' என்பது ஏற்கெனவே பட்டறை ஓடிக்கொண்டிருக்கிறவர் சொல்கிற அறிவுரை.

கோவை_லேத்:
நான் ஆரம்பித்தபோதும் கையில் ஒன்றும் இல்லைங்க. குறைவாக வாங்கினேன், மட்டமாக வாங்கவில்லை. இல்லாத மிஷினை நாள் வாடகைக்கு எடுத்தேன். பைப் வளைக்கிற மிஷின், 14 இஞ்ச் கட்டிங் மிஷின் எல்லாம் முதல் நாளே சொந்தமாக வேண்டும் என்று யார் சொன்னது?

வட்டிக்கணக்கு:
வாடகை நல்ல யோசனை. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் சண்டையே இல்லை.

ஆர்க்_ராஜா:
வெல்டிங் மிஷின் பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். 200 ஆம்ப் என்கிற எழுத்தை விடுங்கள், சின்னக் கணக்கு போடுவோம். ராடு வெல்டிங்கில் 200 ஆம்ப் ஓடும்போது ஆர்க் வோல்டேஜ் 28 வோல்ட் என்பது ஸ்டாண்டர்டு கணக்கு. பெருக்கினால் 5,600 வாட், மிஷினுக்குள் வீணாவதையும் சேர்த்தால் 6,000க்கு மேல். 16 ஆம்ப் பிளக் 230 வோல்ட்டில் தருவது 3,680 வாட்தான். அந்த ஐந்தாயிரம் ரூபாய் மிஷின் 16 ஆம்ப் பிளக்கோடு வருகிறது என்றால் 200 எங்கிருந்து வரும்?

ஆனால் உங்களுக்கு 200 வேண்டவும் வேண்டாம். கேட் டியூபுக்கு 2.5 மி.மீ. 6013 ரக ராடு, 60இலிருந்து 90 ஆம்ப் போதும். 3.15 ராடுக்கும் 130ஐத் தாண்டாது. அதனால் மலிவு மிஷினா, விலை மிஷினா என்று கேட்காமல், பின்பக்கத் தகட்டில் டியூட்டி சைக்கிள் அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெல்ட், நாலு நிமிடம் ஓய்வு. அதற்கு நேராக எத்தனை ஆம்ப் என்று போட்டிருப்பார்கள். அந்த எண் 130 என்றால் மிஷின் எட்டாயிரமாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். அட்டவணையே இல்லாத மிஷினைத் தொட வேண்டாம்.

அப்புறம் கூட வருகிற கேபிள். முனையில் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசின அலுமினியம். உடனே தூக்கிப் போட வேண்டாம், ஆனால் சீக்கிரம் சூடாகும், ஹோல்டர் பிடிக்கிற இடத்தில் ஒடியும். கறுப்புக் கண்ணாடியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: 10 அல்லது 11 என்று ஷேடு எண் (கறுப்பின் அளவு) அடித்திருக்க வேண்டும். எண் இல்லாத கண்ணாடி வெறும் கலர் கண்ணாடியாகவும் இருக்கலாம்.

சைட்_சூப்பர்வைசர்:
கேபிளைச் சுரண்டுகிற யோசனை அருமை. நாளைக்கே ஸ்டோரில் இருக்கிற எக்ஸ்டென்ஷன் ஒயரையெல்லாம் சுரண்டப் போகிறேன்.

புதுப்பட்டறை:
எல்லோருக்கும் நன்றி. வெல்டிங் மிஷின் அட்டவணை பார்த்து வாங்குகிறேன், அதற்குப் பத்தாயிரம் வரை ஒதுக்கிவிட்டேன். வீல், கண்ணாடி, டெஸ்டர், டிரில் பிட் எல்லாம் கம்பெனி ஐட்டம். கிளாம்ப், சுத்தியல் மலிவு. கட்டிங் மிஷின் வாடகை. கிரைண்டர் கம்பெனியில் ஒன்று, மலிவில் ஒன்று. மலிவில் கம்பி பிரஷ் மட்டும் மாட்டித் துரு எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒயர்மேன்:
கம்பி பிரஷ்ஷிலும் சுற்று எண் போட்டிருக்கும், மிஷின் வேகத்துக்குக் குறைவாக இருந்தால் மாட்டாதீர்கள். கம்பி பிய்த்துக்கொண்டு வரும். கண்ணாடி போடாமல் வேண்டாம்.

கோவை_லேத்:
இரண்டு கிரைண்டர் எதற்கு? அந்த ஆயிரத்து இருநூறைச் சேர்த்துவைத்து நல்ல பெஞ்ச் வைஸ் (மேசையில் பொருத்திப் பொருளைக் கவ்விப் பிடிக்கிறது) வாங்குங்க.

மொட்டைமாடித்_தச்சன்:
வைஸ் புதிதாக எதற்கு அண்ணே? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய வைஸ் வரும். தாடை இரண்டும் இறுக்கினால் முழு நீளத்துக்கும் ஒட்டுகிறதா, தண்டின் மரை தேயாமல் இருக்கிறதா, வார்ப்பில் கீறல் விழுந்து வெல்ட் வைத்து பெயின்ட் அடித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கோவை_லேத்:
பெயின்ட் புதுசாக இருந்தால் ஒரு காசு எடுத்துப்போய்த் தட்டிப் பாருங்க தம்பி. நல்ல வார்ப்பு கணீரென்று சத்தம் கொடுக்கும், கீறல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் தச்சன் சொல்வது சரி. கிரைண்டர் விஷயத்தில் இல்லை.